நாலு 'ட்டு'வும் ஒரு 'வா'வும்

1

ஜெர்மனிக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் முடிந்த அதே வாரத்தில், பதினான்கு வயதான என் மகளுக்கு முதியோர் மறதி நோய்ப் பிரிவில் நேரம் ஒதுக்கி ஒரு கடிதம் வந்தது.

"மதிப்புக்குரிய திருமதி தாரணி அவர்களே, வரும்போது மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, தாங்கள் தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவரவும். இயன்றால் நெருங்கிய உறவினர் ஒருவரையும் உடன் அழைத்துவரவும்."

தாரணி அதைப் படித்துவிட்டு, "அப்பா, பல் செட்டும் கொண்டு போகணுமா?" என்று கேட்டாள். என் மனைவி கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள்.

தப்பு என்னுடையதுதான். மருத்துவமனையின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டபோது, என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே சொல் ஞாபக மறதி. அதைக் கைபேசியில் போட்டேன். அது 'டிமென்ஸ்' என்று காட்டியது, முதுமையில் வரும் மறதி நோய்க்கான சொல். பதினைந்து வருட ஜெர்மன் அனுபவத்தின் முழு நம்பிக்கையோடு அதை உரக்கச் சொன்னேன். எப்போதிலிருந்து என்று அந்தப் பெண் கேட்டார். "சின்ன வயதிலிருந்தே" என்றேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. எனக்கும் அந்த நோய் இருக்கிறது என்று நினைத்திருப்பார். பிறந்த தேதியை நான் சொன்ன வேகத்தில் ஆண்டை எப்படி எழுதிக்கொண்டாரோ, கடிதம் வந்துவிட்டது.

இந்த நாட்டில் ஒன்றை வாங்குவது எளிது, வேண்டாம் என்று சொல்வதுதான் பெரிய வேலை. அந்த நேரத்தை ரத்து செய்ய ஒரு படிவம், காரணம் சொல்ல ஒரு படிவம், சரியான பிரிவுக்கு மாற்றக் குடும்ப மருத்துவரின் கடிதம். குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் தாரணி மூன்று குடையும் இரண்டு பேருந்து அட்டையும் தொலைத்தாள்.

2

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் பக்கத்தில் பிள்ளை படிக்கவில்லை என்றால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. ஹாஸ்டலில் சேர்க்கிறோம்.

நான் அங்கே சேர்ந்து உருப்பட்டவன். புத்தகத்தில் இருந்த காற்புள்ளியைக்கூட விடாமல் ஒப்பித்தவன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று தபால்தலை அளவுக்கு என் படம் பேப்பரில் வந்தது. அப்புறம் இன்ஜினியரிங், சென்னை, இங்கே லாரி பிரேக் தயாரிக்கும் ஒரு கம்பெனி. என் அண்ணன் ஒன்பதாவதோடு நின்று லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனார். இப்போது சொந்தப் பட்டறை. தரையில் சாக்பீஸால் ஒரு முழு லாரியைக் கோடு போட்டுவிட்டு, அளவு எழுதிய தாள் எதுவும் இல்லாமல் ஆட்களை வேலை வாங்குவார். ஆனாலும் எங்கள் வீட்டில் அறிவாளி என்றால் அது நான்தான். இந்தப் பெருமை எனக்குள் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது தாரணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போவாள். பல் துலக்கப் போனவள் அரை மணி நேரம் கழித்துக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, பற்பசை மூடியை எறும்பு எப்படிச் சுற்றி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நிமிடத்துக்கு முன் சொன்னது நினைவிருக்காது. ஆனால் நான்கு வயதில் திருச்செங்கோடு தேரோட்டத்தில் தொலைத்த செருப்பின் வார் என்ன நிறம் என்று கேளுங்கள், சொல்வாள். எனக்கு இதுதான் ஆத்திரமாக வரும். அதெல்லாம் நினைவிருக்கிறதே, இது மட்டும் எப்படி மறக்கும்? வேண்டுமென்றே செய்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

டாக்டர் தந்த கேள்வித்தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு கட்டங்கள். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. 'நேரடியாகப் பேசும்போதும் கவனிக்காதது போல் தோன்றுகிறாள்' என்ற வரிக்கு 'மிக அடிக்கடி' என்று குறியிட்டேன். அதோடு விடாமல் ஓரத்தில் பேனாவால் 'நடிக்கிறாள்' என்றும் எழுதினேன். கோமதி அதைப் பார்த்துவிட்டு, "டாக்டருக்கே வாத்தியார் வேலை பாக்கறீங்களா?" என்றாள்.

டாக்டர் ஏடிஎச்டி என்றார், கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்திவைக்க முடியாத நிலை. ஜெர்மனில் ஏடிஎச்எஸ் என்று கடைசி எழுத்து மட்டும் மாறும், விஷயம் ஒன்றுதான். பெண் பிள்ளைகள் ஓடியாடி வகுப்பைக் கலைக்காமல் சும்மா உட்கார்ந்து கனவு காண்பதால் பல பேர் கண்ணில் படுவதே இல்லை என்றும் சொன்னார். மாத்திரை வேண்டுமா என்பது பற்றி வீட்டில் நடந்த விவாதத்தை எழுதினால் இந்தக் கட்டுரை போதாது. அந்தச் சந்திப்பின் முடிவில் அவர் ஒரு தாளை நீட்டினார். பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் மூளையைப் படம் எடுத்து ஆராய்கிறார்களாம். விருப்பம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்றார். நான் யோசிப்பதற்குள் தாரணி "போகலாம்" என்று சொல்லிவிட்டாள்.

3

ஒரு சனிக்கிழமை காலை. தரைத்தளத்தில் ஒரு அறை, நடுவே ஆள் படுத்துப் போகும் பெரிய குழாய். ஆராய்ச்சி செய்யும் பெண் தன்னை லேனா என்றே கூப்பிடச் சொன்னார். முப்பது வயதுகூட இருக்காது. தாரணியின் காதில் பஞ்சு அடைத்து, தலையைச் சுற்றிப் பட்டை வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இயந்திரம் கல் உடைக்கும் ஆலை மாதிரிச் சத்தம் போட்டது. உள்ளேயிருந்து அவளுடைய பாதங்கள் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. இரண்டு காலிலும் ஒரே ஜோடி சாக்ஸ். அன்றைக்கு அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

முதலில் திரையில் மூளையின் வடிவம் மட்டும் வந்தது, தட்டுத் தட்டாக, ஒன்றன்பின் ஒன்றாக. என் மகளின் மூளை. பிறந்தபோது கையில் வாங்கினேன், காய்ச்சலில் தோளில் போட்டு நடந்தேன், ஆயிரம் முறை தலை பின்னியிருக்கிறேன். அந்தத் தலைக்குள் இப்படி ஒரு நாடு இருப்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மடிப்பு மடிப்பாக, அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு அழகாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். லேனா கவனிக்காதது போல் இருந்தார். நல்ல பெண்.

பிறகு விளையாட்டு மாதிரி ஒரு சோதனை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். இப்போது வந்த எழுத்தே இரண்டு எழுத்துக்கு முன்பும் வந்திருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும், இயந்திரம் அதை அளக்கும் என்று லேனா விளக்கினார். ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து இவளுக்கு இது இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாதாம். நிறையப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படுமாம். நெற்றிக்குப் பின்னாலும் உச்சிக்குப் பக்கத்திலும் சில பகுதிகள் சேர்ந்து வேலை செய்தால்தான் ஒன்றை மனதில் ஏந்தி நிற்க முடியும். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பல சமயம் அந்தச் சேர்க்கை தளர்வாக இருக்கிறது. சும்மா இருக்கும்போது உலாவும் பகுதிகள், வேலை நேரத்திலும் முழுதாக அடங்காமல் குறுக்கே வருகின்றன. "ஒரே கேள்விக்கு இப்போது சரியாகச் சொல்வாள், பத்து நிமிடம் கழித்துத் தடுமாறுவாள். அந்த ஏற்ற இறக்கமே இதன் குணம்" என்றார்.

"முயற்சி செய்தால் சரியாகிவிடாதா?" என்று கேட்டேன். என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

லேனா ஒரு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "நீங்கள் செய்து பாருங்கள்."

ஒரு எழுத்துக்கு முந்தியது. சுலபம். இரண்டு எழுத்துக்கு முந்தியது. மெதுவாகப் பிடித்துக்கொண்டேன், பேப்பரில் படம் வந்தவன் ஆயிற்றே. மூன்று எழுத்துக்கு முந்தியது வந்தபோது நான்கு எழுத்துவரை தாங்கினேன். பிறகு எல்லாம் சரிந்தது. எந்த எழுத்து எப்போது வந்தது என்று தெரியவில்லை. கண் திரையில்தான் இருந்தது, கவனம் முழுவதும் அங்கேதான், வியர்க்கவும் செய்தது. ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. சும்மா தோன்றியபோதெல்லாம் பொத்தானைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

"இப்போது உங்களைக் கவனமில்லாதவர் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்?" என்று லேனா கேட்டார். "உங்களுக்கு மூன்றில் நடந்தது சில பிள்ளைகளுக்கு அன்றாட வேலையிலேயே நடக்கிறது. காலையிலிருந்து மாலைவரை."

இயந்திரம் நின்றது. தாரணி வெளியே வந்ததும் முதல் கேள்வி, "என் மூளை எப்படி இருந்துச்சு?" என்பதுதான். "ரொம்ப அழகா இருந்துச்சு சாமி" என்றேன். இவ்வளவு நாளில் அவள் தலைக்குள் இருப்பதைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது என்று அவளுடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

4

இதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு ஹாஸ்டல்காரர்களைப் பற்றித் தெரியாது. வியப்பு வேறு, மார்க் வேறு. திங்கட்கிழமையே குடைக்காகக் கத்தினேன்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தாரணி ஒன்பதாம் வகுப்பை மறுபடியும் படிக்க வேண்டும். ஒன்பதாவதையே திரும்பப் படிப்பதாக இருந்தால் அதை ஏன் நாமக்கல்லில் படிக்கக் கூடாது? இரண்டு வருடம் கட்டுப்பாடான ஹாஸ்டல். என்னை நிமிர்த்திய இடம் இவளையும் நிமிர்த்தாதா? கோமதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாரணி எதிர்க்கவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். ஜூன் மாத விடுமுறைக்குப் போகும்போது சேர்ப்பதாக முடிவாயிற்று. அண்ணன் நாமக்கல் பள்ளிக்குப் போனில் பேசி ஒரு இடம் பிடித்து வைத்தார்.

அண்ணனிடம் காரணம் சொல்லும்போதுதான் மறுபடியும் அதே சொல் என்னை மாட்டிவிட்டது. டாக்டர் சொன்னதற்கு நேரான தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வேலை முடியும்வரை ஒன்றை மனதில் ஏந்தும் திறனை அப்படியே 'வேலை நினைவு' என்று மொழிபெயர்த்தால் அண்ணன், "வேலைக்கா அனுப்பற புள்ளய?" என்பார். அதனால் ஞாபக மறதி என்றே சொல்லித் தொலைத்தேன். ஜெர்மனியில் அது முதியோர் பிரிவில் கொண்டுபோய் விட்டது. நாமக்கல்லில் வல்லாரையில் விட்டது.

நாங்கள் போய் இறங்கிய அன்று காலை வல்லாரைச் சட்டினி. மதியம் வல்லாரைக் கூட்டு. அண்ணி கொல்லிமலைக்கு ஆள் அனுப்பிச் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வல்லாரை லேகியம் ஒரு டப்பா கொண்டு வந்து, "வெறும் வயித்துல கொட்டப்பாக்கு அளவு குடுங்க. எங்க மாமனாருக்கு ஆள் அடையாளமே தெரியாம இருந்துச்சு, இப்பத் தெரியுதுங்க" என்றார். தாரணி மூன்றாம் நாள் என்னிடம் ரகசியமாக, "அப்பா, எனக்கு எல்லாரையும் அடையாளம் தெரியுதுன்னு சொல்லுங்க" என்றாள்.

5

பள்ளிக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம். அண்ணன் பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். நான் கூடத்தில் பெட்டிக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சாமி தாரணி, மேல போயி கொடில கெடக்கற துணிய எடுத்துட்டு, வரையில மோட்டார் சுவிட்ச்ச அமத்திட்டு, அப்படியே பெரியப்பாகிட்ட பீரோ சாவிய வாங்கிட்டு, பிரிட்ஜுல தயிர் இருக்குது அதையும் எடுத்துட்டு வா சாமி."

"செரிங்க பெரியம்மா" என்று தாரணி ஓடினாள். படியேறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தடதடவென்று இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றாள். கை இரண்டும் காலி.

"வந்துட்டேன் பெரியம்மா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக.

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். எனக்கு மட்டும் உச்சந்தலையில் ஏறியது. எத்தனை வருடமாக இதே கூத்து! கீழே போய்க் கடிதப் பெட்டியைப் பார்த்துவிட்டு, குப்பையைப் போட்டுவிட்டு, சைக்கிளைப் பூட்டிவிட்டு வா என்பேன். போவாள், வெறுங்கையோடு வருவாள், "வந்துட்டேன்" என்பாள். என்னைக் கேலி செய்கிறாள் என்றே நம்பியிருந்தேன். எழுந்து போய்க் கையை ஓங்கிவிட்டேன்.

"வயசுப் புள்ளமேல கைய ஓங்காதீங்க" என்று அண்ணி குறுக்கே வந்தார்.

தாரணி ஒதுங்கவில்லை. என் கையைப் பார்த்தபடி அவசரமாகப் பேசினாள், இப்போது விட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்பது போல.

"அப்பா, வான்னு சொன்னாங்க, வந்தேன். நெசமா. துணின்னு சொல்லும்போது துணி இருந்துச்சு. மோட்டார் வந்ததும் துணி போயிடுச்சு. சாவி வந்ததும் மோட்டார் போயிடுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டுக் கடைசியா வான்னு சொல்வீங்க. அதுக்கப்புறம் எதுவும் வராது. அதனால அது மட்டும் எங்கிட்ட நிக்கும். மாடில போயி நின்னு யோசிச்சுப் பாத்தேன். 'வா' மட்டும்தான் இருந்துச்சு. அதையாவது சரியா செய்யலாம்னு வந்துட்டேன்."

ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

நம் மொழியை நான் ஐம்பது வருடமாகப் பேசுகிறேன். பிள்ளைக்கு ஒரு வேலை சொல்லும்போது போயி, எடுத்துட்டு, அமத்திட்டு, வாங்கிட்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். கடைசியில் அத்தனையையும் ஒரே 'வா'வில் முடிக்கிறோம். அந்த 'வா' வரும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டே நிற்க வேண்டும். அந்தக் குழாய்க்குள் திரையில் ஓடிய எழுத்துகளும் அண்ணி சொன்ன வாக்கியமும் ஒன்றுதான். இந்தச் சோதனையைத் தினமும் பத்து முறை வைத்தோம். தோற்றவளைத் தினமும் பத்து முறை திட்டினோம். அவளோ ஒவ்வொரு முறையும், கையில் மிச்சமிருந்த ஒரே ஒரு சொல்லுக்கு அவ்வளவு விசுவாசமாக நடந்திருக்கிறாள். ஏழு வயதில் மூச்சிரைக்க ஓடி வந்து "வந்துட்டேன்ப்பா" என்று நின்ற முகம் ஞாபகம் வந்தது. பாராட்டுக்காக நின்றிருக்கிறாள். நான் அறைந்திருக்கிறேன்.

அழுகை வந்தது. அண்ணன் முன்னால் அழுவது வெட்கமாக இருந்ததால் பெட்டிக்குத் திரும்பினேன்.

அண்ணி எந்தக் குழாயையும் பார்த்தவர் இல்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, "மொதல்ல துணி மட்டும் சாமி" என்றார். தாரணி போனாள். ஒரு கட்டுத் துணியோடு வந்தாள். "இப்ப மோட்டாரு." போனாள். சத்தம் நின்றது. "பெரியப்பாகிட்ட சாவி." வாங்கினாள். "தயிரு." வந்தது. நான்கு வேலையும் முடிந்தபோது முதல் தூறல் விழுந்தது. அண்ணி என்னிடம், "இதுக்கா சீமைல டாக்டர் பாத்தீங்க?" என்று கேட்டார். எனக்கு லேனாவின் திரையைப் பார்த்தபோது வந்த அதே வியப்பு, அந்த அடுப்படியிலும் வந்தது.

6

இருந்தும் மறுநாள் பள்ளிக்குப் போனோம். பிடித்து வைத்த இடம், அண்ணன் கொடுத்த வாக்கு, நான் வாங்கிய பெட்டி. எடுத்த முடிவை மாற்றுவது எங்கள் பரம்பரையில் இல்லாத வழக்கம். கோமதி வர மாட்டேன் என்றுவிட்டாள். அண்ணன்தான் காரை ஓட்டினார். வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, "நீங்க போங்க, நான் இங்கயே இருக்கறேன்" என்றார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி அவர் வந்து நான் பார்த்ததில்லை. அதை ஒருநாளும் ஏன் என்று கேட்டதும் இல்லை.

உள்ளே பெரிய முற்றம். நூற்றுக்கணக்கான பெற்றோர்கள், வாளியும் பெட்டியுமாகப் பிள்ளைகள். யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒலிபெருக்கியில் ஒரு அம்மா தெளிவான குரலில் அறிவித்தார்.

"புதிதாகச் சேரும் மாணவிகள் படிவத்தை நிரப்பிவிட்டு, புகைப்படம் ஒட்டிவிட்டு, இரண்டாம் தளத்தில் சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு, பெட்டியை விடுதிக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, முதல்வர் அறைக்கு வரவும்."

தாரணி பெட்டியைத் தூக்கினாள். "முதல்வர் ரூமுக்கு வரச் சொல்றாங்கப்பா. வாங்க" என்று நடந்தாள். முகத்தில் பயம் இருந்தது, ஆனாலும் நடந்தாள். சொன்னதை இந்த முறையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று அவ்வளவு வேகமாக நடந்தாள். இங்கே விட்டுவிட்டுப் போனால் இரண்டு வருடமும் இப்படித்தான் ஒவ்வொரு மணிக்கும் நடப்பாள், ஒவ்வொரு மணிக்கும் வெறுங்கையோடு போய் நிற்பாள். அப்போது ஓங்கும் கையைத் தடுக்க அண்ணி இருக்க மாட்டார்.

பின்னாலேயே ஓடிப்போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"வேண்டாம் சாமி. நம்ம ஊட்டுக்குப் போலாம்."

"எந்த ஊட்டுக்கு?"

"நம்ம மூணு பேரும் இருக்கற ஊட்டுக்கு. ஒம்பதாவதையே இன்னொருக்கா படிக்கலாம். அவசரமில்ல."

அவள் என்னை நம்பலாமா என்று யோசித்தாள். பிறகு பெட்டியை என்னிடம் விட்டாள். காரில் பின்னிருக்கையில் ஏறிப் படுத்தவள் ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று கோமதி பிற்பாடு சொன்னாள்.

அண்ணன் வண்டியைக் கிளப்பவில்லை. வாக்குக் கொடுத்தவர் அவர், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், எழுத்துகள், நான் மூன்றில் தோற்றது, சேர்க்கை தளர்வது, ஒரு பிள்ளை எவ்வளவு முயன்றாலும் கையில் நிற்காமல் போவது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பள்ளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனை ஒன்பதாம் வகுப்பில் ஹாஸ்டலில் சேர்த்தபோது எனக்குப் பதினொரு வயது. மூன்று முறை ஓடி வந்தார். மூன்றாவது முறை ராசிபுரம் பக்கமிருந்து நடந்தே வந்து, காலெல்லாம் கொப்புளத்தோடு வாசலில் நின்றார். சொன்னதை எதையும் மண்டையில் ஏற்றிக்கொள்வதில்லை என்று வாத்தியார்கள் எழுதிய கடிதத்தை அப்பா உரக்கப் படிக்கச் சொன்னது என்னைத்தான். நான் நிறுத்தி நிறுத்தி, உச்சரிப்புச் சுத்தமாகப் படித்தேன். அண்ணனுக்கு 'ஓடுகாலி' என்று பெயர் வைத்ததும் நான்தான். தெரு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. அண்ணன் அதற்காக என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை.

"அந்தக் கொழாய்ல எத்தன வயசு வரைக்கும் படுக்க உடுவாங்க?" என்று கேட்டார்.

"பதினேழு வரைக்குமுங்கண்ணா. அந்த ஆராய்ச்சி சின்னப் பசங்களுக்கு."

"செரி."

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. சாவியைத் திருகினார், பிறகு அணைத்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நானு வேணும்னு ஒண்ணும் ஓடியாறலடா சாமி."

"தெரியுமுங்கண்ணா" என்றேன். முப்பத்தொன்பது வருடங்களில் அந்த நிமிடம்வரை எனக்கு அது தெரியாது.